மேடைக்குக் கீழே கூத்து

அவர் பார்க்க வந்தது ஒரு திடலை. வீட்டை அல்ல. வீடு பங்காளிகளுக்குள் கைமாறி, முன்பக்கம் இடிக்கப்பட்டு, பச்சை பெயிண்ட் அடித்து வேறு யாருடையதோபோல நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றாமலே இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வந்துவிட்டார். கள்ளக்குறிச்சியின் நான்குமுனைச் சந்திப்பு, துருகம் சாலை, அரிசி ஆலைகள், தனி மாவட்டமான பிறகு முளைத்த ஜவுளிக்கடைகள் எல்லாம் ஜன்னலில் ஓடிப்போயின. எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கோமுகி ஆற்றுக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் நடுவே அவருடைய ஊர். திரௌபதி அம்மன் கோயிலை ஒட்டி அரை ஏக்கர் செம்மண். பாரதம் நடக்கும் நாட்களைத் தவிர அங்கே மாடு கட்டியிருக்கும், சோளம் காயும். கூத்து நடக்கும் இரவுகளில் அவருடைய அப்பாவுக்கு அங்கே ஒரு வேலை உண்டு: திரை பிடிப்பது. துரியோதனனோ கர்ணனோ முதன்முதலில் வரும்போது ஒரு துணியை இரண்டு பேர் விரித்துப் பிடிப்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடி, ஆடி, கிரீடத்தின் உச்சியை மட்டும் காட்டிக் காட்டி, ஊரை ஏங்கவைத்த பிறகுதான் முகம் காட்டுவார். அந்தத் துணியின் வலது முனை அப்பாவுடையது. அவர் கலைஞர் அல்ல, கரும்பு வெட்டுகிற ஆள். ஆனால் வருஷத்துக்குச் சில இரவுகள் அவர் கையை இறக்கினால்தான் துரியோதனன் வரமுடியும்.

மகன் 1997இல் சிங்கப்பூர் போனார். 2005இல் அப்பா இறந்தபோது லீவு கிடைத்து வந்து சேர்ந்தது கருமாதிக்குத்தான். அதன்பிறகு இருபது வருஷம் வரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தபோது, லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக்கடைத் தொலைக்காட்சியில் ஊரின் பெயர் ஓடிக்கொண்டேயிருந்தது. “உங்க ஊரா?” என்று எதிரே உட்கார்ந்தவர் கேட்டார். “பக்கத்துல” என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் தொண்டையிலேயே நின்றது.

திடலில் இப்போது கலையரங்கம் இருந்தது.

நாலடி உயரச் சிமெண்ட் மேடை. மூன்று பக்கமும் சுவர், மேலே தளம், நெற்றியில் நிதியின் பெயரும் வருஷமும். அப்பா நிற்கும் இடம் ஏறக்குறைய மேடையின் வலது மூலைக்கு அடியில் புதைந்திருந்தது. அதைவிட அவரைக் குத்தியது பின்சுவர். மேற்கே கல்வராயன் மலை. விடிய விடிய ஆடி முடிகிற நேரத்தில் கூத்தாடிகளின் முதுகுக்குப் பின்னால் அது கறுப்பிலிருந்து நீலத்துக்கு மாறும். பந்தலுக்கு முன் அதுதான் படுதா. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலையிலிருந்து கடுக்காயும் தேனும் புளியும் சுமந்து இறங்கிவருகிற சனம், கூத்து பார்த்துவிட்டு வெளிச்சம் வந்ததும் அந்த நீலத்தை நோக்கியே நடந்துபோகும். இப்போது அங்கே வெள்ளையடித்த சுவர்.

“யாரைக் கேட்டுக் கட்டினாங்க?” என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

“யாரைக் கேக்கணும்ண்ணே? நிதி வந்துச்சு, இல்லன்னா திரும்பிப் போயிடும்னாங்க. கட்டிட்டாங்க” என்றார் சித்தப்பா மகன்.

அந்தக் கோபம் அவருக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு கலையரங்கத்தின் வரைபடத்தை முன்னால் வைத்து ஒரு நாடே சண்டை போட்ட கதையை, அதைக் கட்டிய ஆட்களில் ஒருவராக அறிந்தவர் அவர். சிங்கப்பூரின் எஸ்பிளனேட் அரங்கம். மரினா விரிகுடாவின் கரையில், சத்தே கிளப் என்ற பழைய சாப்பாட்டுக்கடைக் கூட்டம் இருந்த பக்கம். 1994இல் வடிவமைப்பு வெளியானபோது சனங்கள் அதை என்னென்னவோ சொன்னார்கள்: ஈயின் கண், கவிழ்த்துப் போட்ட மைக்குகள், ஜோடி சேரும் எறும்புதின்னிகள். வெயில் ஊரில் கண்ணாடிப் பெட்டி கட்டினால் உள்ளே வெந்துபோவோம் என்ற குறையும் எழுந்தது. கடைசியில் கண்ணாடிக்கு மேல் 7,000க்கும் அதிகமான முக்கோண அலுமினிய மறைப்புகள் வந்தன. சூரியன் போகும் திசையைப் பார்த்து இடத்துக்கு இடம் கோணம் மாறும். அவை ஏறியதும் டுரியான் பழம் என்று பெயர் விழுந்தது. கட்டடக் கலைஞர்கள் டுரியானை நினைக்கவேயில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். பெயர் போகவில்லை.

மறைப்புகளைத் தூக்கிக் கட்டிய கும்பலில் இவரும் இருந்தார். தமிழ் ஆட்களுக்கு அது முதல் நாளிலிருந்தே பலாப்பழம்தான்.

60 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில், 1,600 பேர் அமரும் இசையரங்கும் ஏறக்குறைய 2,000 பேருக்கான நாடக அரங்குமாக அது 2002 அக்டோபர் 12இல் திறக்கப்பட்டது. திறப்பின்போது குடியரசுத் தலைவர் எஸ்.ஆர். நாதன், தமிழர். அப்போதும் நாடகக்காரர்களின் முணுமுணுப்பு ஓயவில்லை: எல்லாம் மகா பெரிசு, உள்ளூர்க் குழு ஆடுகிற நடுத்தர மேடை எங்கே? அதற்குப் பதிலாக 550 இருக்கைகளுடன் கடலோரமாக இன்னோர் அரங்கு வந்தது 2022இல். இருபது வருஷம். ஆனால் வந்தது.

கட்டியவர் உள்ளே போய்ப் பார்வையாளராக உட்கார்ந்தது வெகுநாள் கழித்து, நவம்பரில் நடக்கும் கலா உற்சவத்தின்போது. குளிர் எலும்பில் இறங்கியது. ஒருவரும் தூங்கவில்லை, ஒரு குழந்தையும் அழவில்லை. சிட்னியின் ஓபரா ஹவுஸை வரைந்த யோர்ன் உட்சான் 1966இல் பாதியில் விலகிப் போனவர், கட்டி முடித்த பிறகு சாகும்வரை அதை வந்து பார்க்கவேயில்லை என்று எங்கேயோ படித்திருந்தார். அந்த மனுஷனின் வீம்பு அவருக்கு அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. அவருக்கு ஒட்டியது சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில்தான். 1827இல் எழுந்த அந்தக் கோயிலில் திரௌபதிக்குச் சன்னதி உண்டு, அரவானும் உண்டு, வருஷா வருஷம் தீமிதியும் உண்டு. கூவாகத்தை மாவட்டத்தில் வைத்திருக்கும் ஊர்க்காரனுக்கு அரவான் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி.

கள்ளக்குறிச்சியில் பெரிய கட்டடத்துக்கு எதிர்ப்பே வந்ததில்லை என்று சொல்ல முடியாது. புது ஆட்சியர் அலுவலகத்துக்கு வீரசோழபுரம் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தை எடுத்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. ஆனால் அங்கே சண்டை இடத்துக்காக. இங்கே கட்டடம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை; அது அந்தந்த என்ஜினீயர் பாடு. ஒரு தெருக்கூத்துக்காரரை உட்காரவைத்து “உங்களுக்கு என்ன வேணும்?” என்று ஒருவர் கேட்டிருந்தால், அவர் முதலில் சொல்லியிருப்பது சிமெண்ட் வேண்டாம் என்றுதான். பதினெட்டாம் நாள் படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணிலேயே மல்லாக்கப் படுக்கவைத்துச் செய்ய வேண்டும்; பீமன் அவன் தொடையைப் பிளக்க வேண்டும். அர்ச்சுனன் தபசுக்கு மரம் நட வேண்டும். சிமெண்டில் எதை நடுவது?

பதில் அன்று இரவு கிடைத்தது. கூத்து ஜமா வந்து இறங்கியது. வாத்தியார் மேடையை ஒரு பார்வை பார்த்தார். பெட்டிகளை மேலே ஏற்றச் சொன்னார். மேடை வேஷம் கட்டும் இடமானது: முத்துவெள்ளையும் கண்ணாடியும் பரப்பி, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்தார்கள். பிறகு எல்லோரும் கீழே இறங்கி, மேடைக்கு முன்னால் மண்ணில் பெஞ்சைப் போட்டார்கள்; மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் அங்கேயே அமர்ந்தன. யாரும் யாரிடமும் குறை சொல்லவில்லை. சனம் மூன்று பக்கமும் பாய் விரித்தது.

கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் விடவில்லை. யாரோ காதில் ஓதியிருக்க வேண்டும். “சிங்கப்பூர்ல பலாப்பழத்துக்குத் தோல் போட்ட மவராசன் வந்திருக்காரு! ஏங்க, அந்தப் பலாப்பழத்துக்குள்ள மாடு கட்ட எடமிருக்கா?” திடல் சிரித்தது. அவர் ஐநூறு ரூபாய் நீட்டினார். கட்டியங்காரன் அதை உயர்த்திப் பிடித்து அவர் பெயரைச் சொல்லவில்லை; திரை பிடிக்கிறவர் மகன் என்றார்.

திரையை இப்போது இரண்டு பையன்கள் பிடித்தார்கள். வலது கைப் பையன் இன்னொரு கையில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். துரியோதனன் வந்தபோது மட்டும் அதைச் சட்டைப்பையில் போட்டான்.

விடிந்தது. மலையைப் பார்க்க அவர் சுவரைச் சுற்றிப் பக்கவாட்டுக்குப் போனார். ஜமா முகம் கழுவிக்கொண்டிருந்தது. பெட்டிகள் இறங்கியதும் இரண்டு பெண்கள் மேடையைப் பெருக்கி, மூட்டை அவிழ்த்து மக்காச்சோளத்தைக் கொட்டிக் காலால் பரப்ப ஆரம்பித்தார்கள். வெயில் மேடையில் நன்றாகத்தான் விழுந்தது. சிதறிய மணிகள் அவர் காலடிவரை ஓடி வந்தன.

“கொஞ்சம் ஓரமா நில்லு தம்பி” என்றாள் ஒரு கிழவி. “சோளம் மிதிபடுது.”