வரைபடத்தின் தெற்கு விளிம்பில்

காரியவட்டம் விடுதியில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதியிருக்க வேண்டிய பல இரவுகளை, செலூக்கியப் பேரரசைக் காப்பாற்றுவதில் செலவழித்திருக்கிறேன். நெறியாளர் இப்பதிவைப் படிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

‘ரோம்: டோட்டல் வார்’ 2004-இல் வெளிவந்த கணினி விளையாட்டு. என் மடிக்கணினி அதற்குமேல் தாங்காது. அதில் டாலமிகளின் எகிப்து, அவர்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முந்தைய பாரோக்களின் கோலத்தில் வரும். இதைப் பொறுக்காத ஆர்வலர்கள் ஊதியமின்றி உழைத்து அதன்மேல் கட்டிய மாற்றுவடிவமே ‘யூரோப்பா பார்பரோரம்’. ஆட்டம் கி.மு. 272-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் பக்கக்கணக்கில் வரலாற்றுக் குறிப்பு. போரை நிறுத்திவைத்துவிட்டுக் குறிப்பைப் படிக்கும் ஆட்டக்காரன் நான் ஒருவனாகமட்டும் இருக்கமுடியாது.

என்னைப் பிடித்துப்போட்டது பெயரிடும் முறை. ஒவ்வொரு மக்களையும் அவர்கள் மொழியிலேயே அழைப்பது என்பது அவர்கள் கொள்கை. கார்த்தேஜினர் ‘கர்தடஸ்திம்’, அந்நகரின் பீனிசியப் பெயருக்குப் புதுநகர் என்று பொருள், நம் புத்தூர் போல. உரோமர் சுவேபி என்றழைத்த செருமானியர் இங்கே ‘ஸ்வெபோஸ்’. இந்த வடிவம் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஒப்பீட்டு முறையால் மீட்டுருவாக்கப்பட்ட தொல்செருமானியச் சொல் அது. வகுப்பறையில் அதன் தலையில் ஓர் உடுக்குறி இட்டுத்தான் எழுதுவோம்: சான்றில்லை, ஊகிக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். விளையாட்டில் உடுக்குறி இல்லை. திரையில் கொடிபிடித்து வருகிற படைக்கு உடுக்குறி பொருந்தாதுதான்; ஆனால் முதல்முறை பார்த்தபோது மகிழ்ச்சியும் உறுத்தலும் சேர்ந்தே வந்தன.

இவ்வளவு கவனமுள்ள வரைபடத்தில் நான் உட்கார்ந்திருக்கும் இடம் இல்லை. தென்னரேபியாவின் சபா அரசு உண்டு. கிழக்கே பாக்திரியாவும் சிந்துவெளிப் பக்கமும் உண்டு. தமிழகம் விளிம்புக்கு வெளியே. குறைசொல்ல வரவில்லை, எங்காவது கோடு கிழித்துத்தானே ஆகவேண்டும். ஆயினும் அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கட்டளை நினைவுக்கு வந்தது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்ததைச் சொல்லும் அக்கட்டளை, சோழ, பாண்டிய, சதியபுத்திர, கேரளபுத்திரர்களையும் அந்தியோகன் என்னும் யவன மன்னனையும் ஒரே மூச்சில் அடுக்குகிறது. அந்த அந்தியோகனின் பேரரசைத்தான் நான் இரவெல்லாம் ஆண்டுகொண்டிருக்கிறேன். அவனுடைய பக்கத்து வரியில் நிற்பவர்களைக் காணோம்.

ஆகவே ஒரு தாளை எடுத்தேன். தமிழகத்தைச் சேர்ப்பதானால், அவர்களுடைய அதே விதிப்படி, கி.மு. 272-இல் நம் அரசுகளுக்கு என்ன பெயர் இடுவது?

சிக்கல் முதல் வரியிலேயே தொடங்கியது. கேரளபுத்திரர் என்பது பிராகிருதத்தார் தந்த பெயர். அதன் தமிழ் நேர் சேரமான்; ‘மான்’ என்பது மகன் என்பதன் திரிபு. சதியபுத்திரருக்கும் இதே கணக்கு. திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981-இல் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்றே குறிக்க, சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் வழக்கு தீர்ந்தது. முதலெழுத்தின் சகரம் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. சேரன் விஷயத்தில் ககரம் சகரமாகியிருக்கிறது, கன்னடத்துக் கிவி தமிழில் செவியாக நிற்பதுபோல. அப்படியானால் 272-இல் அம்மன்னன் தன்னைச் சேரமான் என்றானா, கேரமான் என்றானா? கிரேக்கரைக் கேட்டுப் பயனில்லை. கி.பி. முதல் நூற்றாண்டின் ‘பெரிப்ளூஸ்’ நூலில் வரும் கெப்ரொபோதஸ் என்பதும் கேரளபுத்திரரின் சிதைவுதான். அவர்கள் காதிலும் பிராகிருதமே விழுந்திருக்கிறது. மன்னன் பெயர் தாங்கிய தமிழ்க் கல்வெட்டுகளில் பழையதான மாங்குளம், நெடுஞ்செழியனைச் சொல்வது, ஐராவதம் மகாதேவன் கணிப்பில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. ஆட்டம் தொடங்கும் ஆண்டுக்குப் பிந்தியது.

அறைத்தோழன் கொல்லத்துக்காரன். தாளை எட்டிப்பார்த்து, “கேரம் என்றால் தேங்காய் அல்லவா சேட்டா, இதற்கு ஏன் இத்தனை பாடு?” என்றான். கேரம் வடமொழியில் பின்னால் புனைந்த விளக்கம் என்று நான் தொடங்க, அவன் விடவில்லை. விடிய ஒருமணிவரை சேரன் உனக்கா எனக்கா என்று போயிற்று. ஒரே பெயரின் ககர வடிவத்தில் அவன் வாழ்கிறான், சகர வடிவத்தில் நான் படிக்கிறேன். அதற்குமேல் உடன்பாடு எட்டவில்லை.

பட்டியலில் இப்போது பதினான்கு பெயர்கள். பதினொன்றின் தலையில் உடுக்குறி இருக்கிறது. ஆய் அரசையும் சேர்த்திருக்கிறேன். இங்கிருந்து தெற்கே விழிஞம் அவர்கள் துறை. தாலமி அவர்களைக் குறித்தது கி.பி. 2-ஆம் நூற்றாண்டில்தான் என்பதால் அதற்கும் உடுக்குறி. பழந்தமிழ்ப் பெருமை பேசும் நண்பர் ஒருவர் குறிகளை நீக்கிவிட்டுப் படமாக்கிப் பகிர்வோம் என்றார். மறுத்துவிட்டேன், சற்றுக் கடுமையாகவே. பிராகிருதம் அறிந்தவர்கள் இரண்டாம் நிரலைத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும். கேட்பவர்களுக்குத் தாளை அனுப்புகிறேன், உடுக்குறிகளோடு.