டிரைவருக்குள் இருக்கும் பட்டியல்

ஒரு கேமின் எக்ஸி ஃபைலுக்குப் பெயரை மட்டும் மாற்றினால் அது ஓடும் விதம் மாறுமா? மாறும். எல்லா கேம்களிலும் அல்ல. சிலவற்றில் ஃபிரேம் எண்ணிக்கை இறங்கும், சிலவற்றில் நிழல்கள் மின்னத் தொடங்கும், பலவற்றில் எந்த வித்தியாசமும் தெரியாது. கேமுக்குள் ஒரு வரிகூட மாறவில்லை, கார்டும் அதேதான். பிறகு எது மாறுகிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் கிராபிக்ஸ் டிரைவருக்குள் இருக்கும் ஒரு பெரிய பட்டியலுக்கு வந்து சேர்ந்தேன்.

அதைப் பார்க்க உதவியது என்விடியா ப்ரொஃபைல் இன்ஸ்பெக்டர். கார்டு தயாரிக்கும் என்விடியா நிறுவனத்துக்கு வெளியே எழுதப்பட்டு, மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கும் சிறிய மென்பொருள் அது. என்விடியாவின் சொந்த கன்ட்ரோல் பேனலில் தெரியும் செட்டிங்குகளைவிட இதில் பல மடங்கு அதிகம். மேலே உள்ள பெட்டியில் கேமின் பெயரை அடித்தால் அதற்கென்று நிறுவனம் எழுதிவைத்த ப்ரொஃபைல் திறக்கும். எந்த எக்ஸி ஃபைலுக்கு அது பொருந்தும் என்பது முதலில் வரும். அதன் கீழே வரிசையாக செட்டிங்குகள். சிலவற்றுக்குப் பெயர் உண்டு. பலவற்றுக்குப் பதினாறடிமான எண் ஒன்றுதான் அடையாளம். எதிரே இன்னொரு எண் மதிப்பாக நிற்கும். அது என்ன செய்யும், ஏன் அந்த மதிப்பு என்று எங்கும் எழுதியிருக்காது. கேமை நாம் திறக்கும்போது டிரைவர் அதன் பெயரைப் பார்க்கிறது, இந்தப் பட்டியலில் தேடுகிறது, கிடைத்தால் அதன்படி நடந்துகொள்கிறது. பெயரை மாற்றினால் அடையாளம் தெரியாமல் பொதுவான செட்டிங்குக்குப் போய்விடுகிறது.

இப்படி மறைத்து வைக்கும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போனேன். என்விடியாவின் டிரைவர்கள் டெட்டனேட்டர் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த காலத்திலேயே அது இருக்கிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் கூல்பிட்ஸ் என்று ஒரு மதிப்பை உருவாக்கி அதற்கு 3 என்று கொடுத்தால் போதும். கன்ட்ரோல் பேனலில் அதுவரை இல்லாத ஒரு பக்கம் வந்துவிடும். கார்டின் கோர் வேகத்தையும் மெமரி வேகத்தையும் அங்கே கூட்டிக் குறைக்கலாம். அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் நிறுவனத்தின் பொறியாளர்களே. எல்லார் கணினிக்கும் போன அதே டிரைவரில்தான் அது மூடிக் கிடந்தது. அதே பெயர் லினக்ஸ் டிரைவரில் இன்னும் இருக்கிறது, அங்கே நிறுவனத்தின் கையேடே அதை விளக்குகிறது: 4 கொடுத்தால் ஃபேன் வேகம், 8 கொடுத்தால் கடிகார வேகம். ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்ஸி நிகோலாய்ச்சுக் எழுதிய ரிவாடியூனரும் இப்படி மூடிய கதவுகளைத் திறந்து பெயர் பெற்றதுதான். இன்று கார்டின் வேகத்தைக் கூட்டி ஓவர்கிளாக் செய்கிற யாரும் அறிந்த எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் அதன் அடித்தளத்தில் எழுந்தது.

ஓவர்கிளாக் பக்கத்தை மறைத்ததற்குக் காரணம் புரிகிறது. கார்டு சூடாகிக் கெட்டால் உத்தரவாதத் தகராறு வரும். ஆனால் கேமின் பெயரைப் பார்த்து நடந்துகொள்ளும் வேலை வேறு வகை. அதன் முதல் பெரிய சர்ச்சை 2001 அக்டோபரில் வெடித்தது. கனடாவின் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 8500 கார்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த சமயம் அது. வேகத்தை அளக்க எல்லாரும் நம்பியிருந்த கேம் குவேக் 3. ஹார்டுஓசிபி என்ற விமர்சனத் தளம் அந்த கேமில் குவேக் என்று வரும் இடங்களை க்வாக் என்று மாற்றி ஓடவிட்டது. பெயரில் மாறியவை இரண்டே எழுத்துகள். வேகம் குறைந்தது, டெக்ஸ்சர்கள் தெளிந்தன. டிரைவர் குவேக்கை அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து, ஃபிரேம்களைக் கூட்டியிருந்தது. கேம் விளையாடுபவரின் கன்ட்ரோல் பேனலில் தரம் உச்சத்தில் இருப்பதாகத்தான் காட்டும்.

ஒன்றரை வருடம் கழித்து 2003 மே மாதத்தில் என்விடியாவின் முறை. பின்லாந்தின் ஃபியூச்சர்மார்க் நிறுவனம் வெளியிட்ட 3டிமார்க்03 சோதனையில் கேமரா எப்போதும் ஒரே பாதையில்தான் போகும். டிரைவர் அந்தப் பாதையை முன்கூட்டியே அறிந்துவைத்து, கேமராவின் கண்ணில் படாத பகுதிகளை வரையாமல் விட்டுவிட்டது. கேமராவைப் பாதையிலிருந்து விலக்கிப் பார்த்தபோது வானம் கிழிந்து தெரிந்தது. ஃபியூச்சர்மார்க் இதைத் தடுக்கும் திருத்தத்தை வெளியிட்டதும் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1 சதவீதம் சரிந்தது. ஏடிஐயின் ரேடியான் 9800 ப்ரோவும் 1.9 சதவீதம் இறங்கியது.

இந்த இரண்டையும் படித்ததும் பட்டியல் முழுவதையும் மோசடி என்று ஒதுக்கத் தோன்றும். மேலும் தேடியபோது அப்படிச் சொல்ல முடியவில்லை. இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் என்விடியாவின் எஸ்எல்ஐ 2004இல் வந்தது. ஒரு ஃபிரேமை முதல் கார்டு, அடுத்ததை இரண்டாவது கார்டு என்று மாற்றி மாற்றி வரைவது அதன் முக்கியமான முறை. முந்தைய ஃபிரேமில் கிடைத்த விவரத்தை அடுத்த ஃபிரேமில் பயன்படுத்தும் கேம்களில் இது சிக்கலாகிவிடும். எந்த கேமில் எதைப் பகிர வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுத வேண்டியிருந்தது. கேம் எழுதியவர்கள் விட்ட பிழைகளுக்கு டிரைவர் ஒட்டுப்போட்ட கதைகளும் நிறைய. பட்டியலில் உள்ள பல எண்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பொறியாளர் ஒரு கேமோடு பொறுமையாக மல்லுக்கட்டிய உழைப்பு இருக்கிறது.

மறைந்திருந்தவை காலப்போக்கில் வெளியே வந்ததும் இந்தத் தேடலில் தெளிவாகத் தெரிந்தது. ப்ராசஸர் எத்தனை ஃபிரேம்களை முன்கூட்டித் தயாரித்து வரிசையில் வைக்கலாம் என்பதற்கு டைரக்ட்3டியில் இயல்பு மதிப்பு 3. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் மூன்று ஃபிரேம் என்றால் 50 மில்லிசெகண்ட். மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் இடையில் அவ்வளவு தாமதம் சேரலாம். ஏடிஐ, ஏஎம்டி நிறுவனங்களின் கார்டு வைத்திருந்தவர்கள் இதைக் குறைக்க நெடுங்காலம் ரெஜிஸ்ட்ரியையும் வெளியாருடைய மென்பொருள்களையும் நம்பியிருந்தார்கள். 2019 ஜூலையில் ஏஎம்டி ஆன்டி லேக் என்றும், அடுத்த மாதமே என்விடியா லோ லேட்டன்சி மோட் என்றும் கன்ட்ரோல் பேனலில் அறிமுகம் செய்தன. ஃபிரேம் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியும் அப்படியே. இன்ஸ்பெக்டர் பயன்படுத்தியவர்கள் பல வருடம் கையாண்ட அந்த செட்டிங், 2020 ஜனவரியில் 441.87 டிரைவரோடு கன்ட்ரோல் பேனலுக்கு வந்தது.

இன்றைக்கு அதிகம் பேசப்படுவது ரீசைசபிள் பார். வழக்கமாக ப்ராசஸர் கார்டின் மெமரியை நேரடியாக முழுவதும் பார்ப்பதில்லை. பெரிய கிடங்குக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல் வைத்ததுபோல, ஒரு நேரத்தில் 256 எம்பி மட்டும் பார்க்கும். 8 ஜிபி கார்டு என்றால் அது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஜன்னலைப் பெரிதாக்கும் இந்த வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் தரத்தில் 2008இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. கேம் விளையாடுபவர்கள் அதைப் பரவலாக அறிந்தது 2020இல், ஏஎம்டி ஸ்மார்ட் ஆக்சஸ் மெமரி என்று பெயர் சூட்டிய பிறகு. என்விடியா 2021இல் அதைக் கொண்டுவந்தபோது, சில கேம்களில் வேகம் சற்றுக் குறைவதால் சோதித்துப் பார்த்த கேம்களுக்கு மட்டும் ப்ரொஃபைல் வழியே இயக்குவதாகச் சொன்னது. இன்டெலின் ஆர்க் கார்டுகளோ இது இல்லாவிட்டால் பெரிதும் தடுமாறுகின்றன.

பட்டியலில் இல்லாத கேம்களுக்கும் இன்ஸ்பெக்டரில் இதை இயக்க முடியும் என்பதால் என் கணினியில் பார்த்தேன். பயாஸில் வசதி ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. ப்ரொஃபைலில் ஆர்பார் என்று தொடங்கும் மூன்று வரிகள்: இயக்குவதா, எந்த முறையில், எவ்வளவு அளவு வரை. பரந்த நிலப்பரப்பு கொண்ட ஒரு கேமில் சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக மாறவில்லை. ஆனால் வேகமாகத் திரும்பும்போது ஃபிரேம் நேர வரைபடத்தில் எழும் முட்கள் குறைந்தன. இன்னொரு பழைய கேமில் வேகம் இறங்கியது. அந்த ஒன்றை உடனே பழைய மதிப்புக்குத் திருப்பிவிட்டேன். நிறுவனத்தின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு, பட்டியலுக்கு வெளியே பலன் கிடைக்கும் கேம்களும் உண்டு என்ற இரண்டையும் என் திரையிலேயே பார்த்தேன்.

என் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் கிடைத்தது லினக்ஸ் பக்கத்தில். பிரையன் பால் 1993இல் தொடங்கிய மெசா திட்டம்தான் இன்று லினக்ஸில் ஏஎம்டி, இன்டெல் கார்டுகளை இயக்கும் திறந்த மூல டிரைவர்களின் வீடு. அதிலும் கேம்வாரியான பட்டியல் இருக்கிறது. ஆனால் அது சாதாரண எழுத்துக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். கேமின் பெயர், எக்ஸி ஃபைலின் பெயர், அதற்குக் கீழே மாற்றப்பட்ட செட்டிங் என்று வரிவரியாக இருக்கும். யுனிஜின் சாங்ச்சுவரி என்ற பழைய சோதனை மென்பொருளுக்கு எந்த விதிகளைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்று அங்கே நேரடியாகவே பார்த்தேன். ஏன் செய்தார்கள் என்று பல இடங்களில் குறிப்பும் உண்டு. பிடிக்காவிட்டால் நம் சொந்தக் கோப்பில் வேறு மதிப்பு எழுதிக்கொள்ளலாம்.

அங்கே புதிய வசதிகள் வளர்வதும் ஊரறியத்தான். வால்வ் நிறுவனத்தின் ஆதரவோடு எழுதப்பட்ட ஏசிஓ ஷேடர் கம்பைலர் 2019 டிசம்பரில் மெசா 19.3இல் வந்தது. விரும்பியவர்கள் ஒரு சூழல் மாறியை வைத்து இயக்கிப் பார்த்தார்கள், பிழை சொன்னார்கள், திருத்தினார்கள். 2020 செப்டம்பரில் 20.2 பதிப்பில் அதுவே இயல்பாகிவிட்டது. பட்டியல் வெளிப்படையாக இருந்ததால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. கேம்கள் வேகமாகத்தான் ஓடின.

கேமுக்கேற்ப டிரைவர் மாறுவது தேவையான வேலை. அதை மறைப்பதற்குத்தான் நியாயம் இல்லை. 2001இலும் 2003இலும் நடந்தவை சாத்தியமானதற்குக் காரணமே அந்த மறைவுதான். பழைய கார்டை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட வேண்டியவருக்கு அந்த எண்கள் வேடிக்கைப் பொருள் அல்ல, காசு. இப்போதைக்கு அவர் செய்யக்கூடியது இது: ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை, அதுவும் ஒரே ஒரு கேமுக்கு மாற்றுவது, பழைய மதிப்பைக் குறித்துவைப்பது, சராசரி எஃப்பிஎஸ்ஸோடு ஃபிரேம் நேரத்தையும் அளப்பது, டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி சரிபார்ப்பது. நிறுவனங்கள் செய்ய வேண்டியது அதைவிட எளிது. இந்த கேமுக்காக எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று கன்ட்ரோல் பேனலில் ஒரு வரி எழுதட்டும். மெசாக்காரர்கள் பல வருடமாக அதைத்தான் செய்கிறார்கள். கார்டுக்குக் காசு கொடுத்தவருக்கு அந்த வரியைப் படிக்கும் உரிமை உண்டு.