அலைகளருகே ஒரு பாதை

பெருநாள் மாலைகளில் நாங்கள் சென்னை மெரினாவுக்குச் செல்வதுண்டு. சக்கர நாற்காலி மணலில் புதைந்துவிடும் என்பதால் எங்கள் பெரியம்மா காரிலேயே அமர்ந்திருப்பார். பிள்ளைகள் கிளிஞ்சல்களைப் பொறுக்கி வந்து அவர் கையில் கொடுப்பார்கள்.

2022 நவம்பரில் மாநகராட்சி அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கென 263 மீட்டர் நீள மரப்பாதையைத் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமுற்றது, பின்பு சீர்செய்யப்பட்டது. அதன் வழியே சென்று, பல்லாண்டுகளுக்குப் பின் அலைகளை அருகில் கண்ட பெரியம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

உணவும் மருந்தும் கொடுத்தால் இத்தகையோருக்கான கடமை முடிந்தது என்று நம்மில் பலர் கருதுகின்றனர். இறைவன் படைத்த கடலையும் வானையும் கண்டு மகிழ்வதில் அவர்களுக்கும் பங்குண்டு. பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. அவர்கள் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும் விளங்கினார்கள்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என நபிகளார் (ஸல்) கற்பித்துள்ளார்கள். நடக்க இயன்றவர்கள் மரப்பாதையில் கூடிநின்று படம் எடுத்தால் அக்கூட்டமே இடையூறாகிவிடும். மணலில் நடக்கும் வலுவை அல்லாஹ் நமக்குத் தந்திருக்கிறான். அப்பாதையைத் தேவைப்படுவோருக்கு விட்டு, நாம் மணலிலேயே நடப்போம்.