பாடும் ஒப்பந்தமும்

பழவேற்காடு ஏரியின் மீனவ கிராமங்களில் 'பாடு' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இறால் வாய்க்கும் இடங்களில் வலையிடும் உரிமை முறைவைத்து மாறிவரும். எல்லோருக்கும் அதில் பங்கு கிடையாது. ஆகவே அதை நான் இலட்சியமாக்கவில்லை. ஆனால் பங்குள்ளவன் இன்று வெறும் வலையோடு திரும்பினாலும் காத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. அவன் முறை மறுபடி வரும்.

இங்கே வங்கிக் கிளையில் குமாஸ்தாவான நான் ஒரு வருஷத்துக்கு முன்பணம் கட்டிய செல்போன் இணைப்பில் ஏழு மாசம் மிச்சமிருக்கிறது. ஏரிக்கரையில் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்துவிட்டது. 1900க்கு ஒரு குறுஞ்செய்தியில் தொடங்கலாம். மிச்சப் பணம் மட்டும் கூட வராது.

நான் இருந்தாலும் போனாலும் அந்தப் பணம் திரும்பப்போவதில்லை. வாராக்கடனை எழுதித்தள்ளும் கணக்கு எனக்குப் பழக்கம்தான். இந்த ஒப்பந்தத்தில் என் முறை என்று ஒன்று கிடையாது. மாறிவிடுகிறேன்.