குழாய்த் திரை

தட்டைத் தொலைக்காட்சி வந்த அன்றே, பழைய குழாய்ப் பெட்டியை இரும்பு வாங்குபவருக்குக் கொடுத்துவிடுவதெனத் தாய் தீர்மானித்தாள். கொட்டகலைத் தோட்டத்து லயக் காம்பராவொன்றில் இரண்டு பெட்டிகளுக்கு இடமேது? இளையவன் மட்டும் இணங்கவில்லை. கொழும்புக்குக் கடைவேலைக்குப் போன அண்ணன் விட்டுச்சென்ற விளையாட்டுக் கருவி, புதிய திரையில் கலங்கித் தெரிந்தது.

1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபமிகொம் கருவியின் நகல் அது. 256க்கு 240 புள்ளிகளாலான அதன் படம், குழாய்த் திரையில் வரிவரியாக உடனுக்குடன் வரையப்படுவதற்கென்றே அமைந்தது. தட்டைத் திரைகள் பலவும் அதனைப் பாதிப் படமெனப் பிழையாகக் கொண்டு, இரண்டிரண்டாக இணைத்துப் பெருப்பிக்கின்றன. பொத்தானை அழுத்தியபின் படம் பிந்தியே அசைகின்றது.

பழைய பெட்டியிலிருந்து அன்டெனா வயரைக் கழற்றி மஞ்சள் வயரை மாட்டினான் இளையவன். படத்தை வானொலி அலையில் ஏற்றி இறக்கும் வேலை ஒழிந்ததும் இரைச்சற் புள்ளிகள் மறைந்தன. (ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் நெரிபடுவதால் ஓரங்களில் நிறம் கசிவதை அவ்வயரும் தீர்க்காது.)

தீபாவளிக்கு வந்த அண்ணன், பையை இறக்கிவைத்துவிட்டு, பேசாமல் தம்பியருகே அமர்ந்து இரண்டாவது கைப்பிடியை எடுத்தான். வாசலுக்கு வந்த இரும்புக்காரரைத் தாய், “அடுத்த மாசம் வாங்க” என்று அனுப்பிவிட்டாள்.