பனிக்குக் காத்திருப்போர்

கார்த்திகை மழை ஓய்ந்து சுவர்ணமுகி ஆற்றில் நீர் வடியத் தொடங்கியதும், திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள வானிலை ஆர்வலர்களின் பேச்சு மாறிவிடும். அதுவரை தாழ்வு மண்டலம், புயல், கனமழை என்று பேசியவர்கள், அதன்பின் வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்றையும் மேகமற்ற இரவுகளையும் பற்றிப் பேசுவர். இவர்களுள் கல்லூரி மாணவர் உண்டு. வங்கி ஊழியர் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியரும் உண்டு. எவருக்கும் இது தொழிலன்று. ஆயினும் காலைச் சிற்றுண்டிக்கு முன்பே கைப்பேசியில் வண்ண வண்ணமான வரைபடங்களைத் திறந்து, அடுத்த பத்து நாள்களில் எந்த இரவு மிகவும் குளிரும் என்று கணக்கிட்டுக்கொண்டிருப்பர்.

இவர்கள் காத்திருப்பது பனிக்காக. இச்சொல்லைக் கேட்டவுடன் கனடாவிலோ இங்கிலாந்திலோ வாழும் உறவினர் வீட்டு வாசலில் குவியும் வெண்பனி நினைவுக்கு வரலாம். அத்தகைய பனி திருப்பதியில் பெய்யாது. தமிழில் ‘பனி’ என்னும் ஒரே சொல், புல்லின் நுனியில் நிற்கும் துளியையும், சாலையை மறைக்கும் மூடுபனியையும், மலையுச்சியில் வெண்மையாய்ப் படியும் உறைபனியையும், வானிலிருந்து விழும் பனிப்பொழிவையும் குறிக்கும். ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த முன்னோர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று இரண்டு பருவங்களைப் பனிக்கே ஒதுக்கினர். தமிழகத்தின் வடவெல்லையாக இலக்கியம் கூறும் வேங்கடமலையின் அடிவாரத்தில் வாழ்வோருக்கு இப்பகுப்பு இன்றும் பொருந்தும்.

தெலுங்கிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அங்கு ‘மஞ்சு’ என்றால் பனி. பனித்துளியும் மூடுபனியும் வெண்பனியும் அதனுள் அடங்கும். தமிழ் இலக்கியத்தில் ‘மஞ்சு’ என்பது மேகம். தெலுங்கில் குளிருக்குச் ‘சலி’ என்று பெயர். தமிழ் வீட்டில் ‘சளி’ என்றால் மூக்கைச் சிந்த வேண்டியதுதான். இரு மொழிகளுக்கிடையே வளரும் சிறுவர்கள் இவ்வேடிக்கையை ஒவ்வொரு மார்கழியிலும் கண்டு மகிழ்வர்.

அந்த வரைபடங்கள் எங்கிருந்து வருகின்றன? உலகமெங்கும் பல நூறு நிலையங்களிலிருந்து நாள்தோறும் இருமுறை கருவி கட்டிய பலூன்கள் வானில் ஏறுகின்றன. இந்திய நேரப்படி அது காலை 5.30 மணியையும் மாலை 5.30 மணியையும் ஒட்டிய வேளை. பலூன்களும் செயற்கைக்கோள்களும் கப்பல்களும் விமானங்களும் திரட்டிய அளவுகளைக் கொண்டு, மீத்திறன் கணினிகள் காற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளாகத் தீர்க்கின்றன. இவ்வாறு கணிக்கும் நிரல்களையே வானிலை மாதிரிகள் என்பர். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறை கணிக்கிறது. இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மையத்தின் மாதிரியை ஆர்வலர்கள் சற்றுக் கூடுதலாக நம்புவர். நொய்டாவில் உள்ள நமது தேசிய மையமும் தன் கணிப்புகளை வெளியிடுகிறது. காலைக் கணிப்பு முற்பகலில் வெளிவரத் தொடங்கும். அப்போது அலுவலகத்தில் இருப்போர், மேசைக்கு அடியில் கைப்பேசியை ஒருமுறையேனும் பார்க்காமல் இரார்.

இன்று சில மணி நேரத்தில் முடியும் இக்கணக்கை முதன்முதலில் கையாலேயே போட்டுப் பார்த்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர். முதல் உலகப்போரின்போது அவர் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் பணிக்கு இடையே, 1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலை ஆறு மணி நேரத்தில் எவ்வாறு மாறியிருக்கும் என்று கணக்கிட்டார். ஆறு மணி நேர வானிலைக்கு ஆறு வார உழைப்பு! விடையோ முற்றிலும் தவறு. உண்மையில் காற்றழுத்தம் ஏறத்தாழ மாறாதிருக்க, அவர் கணக்கு அது 145 மில்லிபார் உயரும் என்று காட்டியது. ரிச்சர்ட்சன் அத்தவற்றை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட நூலில் அப்படியே அச்சிட்டார். 64,000 கணக்கர்கள் ஒரு பெரிய அரங்கில் அமர்ந்து கணக்கிட்டால் வானிலையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கலாம் என்றும் அதில் கற்பனை செய்தார். 1950இல் எனியாக் என்னும் கணினி முதல் கணிப்பைச் செய்தபோது, 24 மணி நேர வானிலையைச் சொல்ல ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. வானிலையைக் கணக்கு அப்போதுதான் எட்டிப்பிடித்தது.

எனினும் ஒரு தடை எஞ்சி நின்றது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், கணினியில் ஓடிய ஒரு கணக்கை மீண்டும் இட்டுப் பார்த்தார். முதலில் கணினிக்குள் இருந்த எண் 0.506127, இரண்டாம் முறை அவர் அச்சுத்தாளில் கண்டவாறு 0.506 என்று சுருக்கி இட்டார். சிறிது நேரம் இரு விடைகளும் ஒத்துச் சென்றன. பின்னர் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் விலகிப்போயின. தொடக்கத்தில் நேரும் மிகச் சிறிய வேறுபாடு, நாள்கள் செல்லச் செல்லப் பெரிதாகிவிடும். இதனால்தான் ஐரோப்பிய மையம் தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட கணிப்புகளை ஒருங்கே ஓட்டுகிறது. அவற்றின் கோடுகள் ஒரு கற்றையாகச் சேர்ந்து சென்றால் நம்பிக்கை. விரிந்து சிதறினால் ஐயம். அனுபவம் மிக்க ஆர்வலர் முதலில் பார்ப்பது கற்றையின் அகலத்தைத்தான். புதியவர் கண்ணுக்கோ மிகக் கீழே இறங்கும் ஒரே ஒரு கோடுதான் படும். ஐம்பதில் ஒன்று கடுங்குளிர் என்று சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு மகிழ்வர்!

இவ்வாசை திருப்பதிக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் வெண்பனியை எதிர்நோக்கும் ஆர்வலர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே வரைபடங்களைப் பார்த்து ஏங்குவர். பெரும்பாலும் பத்தாம் நாளில் தெரியும் பனி, ஐந்தாம் நாளில் மழையாகிவிடும். 2018ஆம் ஆண்டு அவர்கள் ஏக்கம் நிறைவேறியது. பிப்ரவரி நடுவில் வடதுருவத்துக்கு மேலே, வளிமண்டலத்தின் மீளடுக்கு திடீரென வெப்பமடைந்தது. துருவத்தைச் சுற்றிச் சுழலும் காற்று அதனால் நிலைகுலைந்தது. அம்மாத இறுதியில் சைபீரியத் திசையிலிருந்து கடுங்குளிர் ஐரோப்பாவின் மீது பாய்ந்தது. சாலைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. உயரத்தில் எங்கோ நிகழ்ந்த மாற்றம், இரண்டு வாரம் கழித்துத் தெருவில் பனியாக இறங்கியது.

அந்த உயர் அடுக்குகளை ஆராயும் இடம் ஒன்று திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையிலேயே உள்ளது. பாகாலாவுக்கு அருகில் உள்ள காதங்கி என்னும் சிற்றூரில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் இயங்குகிறது. மலைகள் சூழ்ந்த அவ்விடத்தில், 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்ட திடலில் 1,024 ஆன்டெனாக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கீழடுக்கு, மீளடுக்கு, இடையடுக்கு ஆகியவற்றில் காற்று எவ்வாறு அசைகிறது என்பதை அந்த ராடார் அறிகிறது. சாலையில் பேருந்தில் செல்வோருள் பலர் இதை அறியாமலே கடந்துவிடுகின்றனர்.

சித்தூர்ப் பகுதியின் குளிர் எளிமையான காரணத்தால் பிறப்பது. வடகிழக்குப் பருவமழை விலகியபின் வானம் தெளிந்துவிடும். பகலில் நிலம் பெற்ற வெப்பம், தடுக்க மேகமில்லாமையால் இரவில் விண்ணுக்குச் சென்றுவிடும். காற்றும் அசையாதிருந்தால், குளிர்ந்த கனமான காற்று பள்ளங்களில் தேங்கும். உயரமும் தன் பங்கைச் செய்யும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மதனப்பள்ளியை அடுத்த ஹார்ஸ்லி மலை, திருப்பதியைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கடப்பை மாவட்ட ஆட்சியராக இருந்த ஹார்ஸ்லி, 19ஆம் நூற்றாண்டில் வெயிலுக்குத் தப்பி அங்கு வீடு கட்டிக்கொண்டார். அம்மலைக்குக் கீழே, காசநோய் மருத்துவமனையால் பெயர்பெற்ற ஆரோக்கியவரத்தில் வானிலைத் துறையின் நிலையம் உள்ளது. மார்கழி விடியலில் ஆர்வலர்கள் முதலில் தேடுவது ஆரோக்கியவரத்தின் எண்ணைத்தான்.

அந்த எண்ணை மாதிரி சரியாகச் சொல்வது அரிது. ஐரோப்பிய மாதிரி நிலத்தை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் மலையும் பள்ளமும் ஏரியும் ஊரும் சேர்ந்து சராசரியாகிவிடும். கணினிக்குள் இருக்கும் சேஷாசலம், மெய்யான சேஷாசலத்தைவிடத் தாழ்ந்தும் மழுங்கியும் இருக்கும். எந்தப் பள்ளத்தில் எத்தனை டிகிரி கழிக்க வேண்டும் என்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்தவரே அறிவர். உள்ளூர் ஆர்வலரின் உண்மையான பங்களிப்பு இதுவே. மற்றபடி வரைபடத்தைப் பகிர்வதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை.

குளிரலை என்னும் சொல்லையும் அவர்கள் அளந்தே கையாள வேண்டும். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் குறைந்தால் வானிலைத் துறை அதைக் குளிரலை என்று கொள்ளும். திருப்பதிக்கு அது எளிதில் வாய்ப்பதன்று. நீலகிரியில் உதகை, தலைக்குந்தா, அவலாஞ்சி முதலிய இடங்களில் புல்வெளி வெளுத்திருப்பதை ‘பனிப்பொழிவு’ என்று சிலர் எழுதிவிடுவர். அது பொழிந்ததன்று, நிலத்தின்மீதே உறைந்தது. நிழற்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி காட்டும்போதே, தரையில் உள்ள புல் சுழியத்துக்குக் கீழே சென்றிருக்கும்.

சொல்லில் நேரும் சிறு பிழைக்கு மழைக்காலத்தில் விலை பெரிது. 2021 நவம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருப்பதியில் பெய்த பெருமழையில் தெருக்கள் ஆறாயின. அலிபிரிப் படிக்கட்டுகளில் வெள்ளம் அருவியாக இறங்கியது. திருமலைக்குச் செல்லும் சாலைகள் மூடப்பட்டன. 19ஆம் நாள் அதிகாலையில் அத்தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. அதன் பின்னும் இராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு காணப்பட, சுற்றியிருந்த ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சென்னையின் சில பகுதிகளில் சில மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது; அதை மாதிரிகள் முன்கூட்டிக் காட்டவில்லை. ‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்களைப் பல இலட்சம் மக்கள் பின்தொடரும் காலம் இது. ஏரி உடையும் என்று ஒரு வரி எழுதினால் ஊரே கிளம்பிவிடும். எனவே எச்சரிக்கையின் நிறத்தை வானிலைத் துறையே சொல்லட்டும், நாம் விளக்கம் மட்டும் சொல்வோம் என்பது பொறுப்புள்ள ஆர்வலர்களின் வழக்கம்.

குளிர்காலக் கணிப்புக்கு அத்தகைய அச்சம் இல்லை என்று தோன்றும். சித்தூர் மாந்தோப்பு உழவர் அவ்வாறு கருதமாட்டார். கிளிமூக்கு மாம்பழம் என்று தமிழர் வழங்கும் தோத்தாபுரி, இப்பகுதியில் பெருமளவில் விளைந்து பழக்கூழ் ஆலைகளுக்குச் செல்கிறது. மாமரம் பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து சில வாரங்கள் வேண்டும். குளிர் போதாவிட்டால் மொட்டு வரவேண்டிய நுனியில் தளிர் வரும். அவ்வாண்டு மரம் பார்க்க அழகாயிருக்கும், காய் இராது. பூத்தபின் மேகமூட்டமும் ஈரமும் வந்தாலோ, சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்துகளைக் கருக்கிவிடும். ஒரே இரவு தவறாக வந்தால் பெரிதன்று. தொடர்ந்து ஒரு வாரம் வந்தால் கடன் அடையாது.

ஆகையால் தை பிறந்ததும் உழவர், தமக்குத் தெரிந்த ஆர்வலரைத் தொலைபேசியில் அழைப்பார். ஆர்வலர் அவர் மகன் வயதுடைய இளைஞராக இருப்பார். “தம்பி, குளிர் நிற்குமா? மேகம் எதுவும் வருதா?” என்பார். இளைஞர் வரைபடத்தைத் திறப்பார். இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு சுழற்சி உருவாவதுபோல் தெரியும். ஐம்பது கோடுகளுள் பாதி அதைக் குமரிக்கடலுக்குக் கொண்டுசெல்லும். பாதி கடலிலேயே கரைத்துவிடும். “ஐயா, இன்னும் நான்கு நாள் இருக்கு. நாளைக் காலை மறுபடி பார்த்துச் சொல்றேன்” என்பார். “சரிப்பா, மருந்து தெளிக்கணுமா வேண்டாமா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யணும்” என்று சொல்லி உழவர் தொலைபேசியை வைப்பார். வானம் அப்போது மேகமின்றித் தெளிந்திருக்கும்; மாங்கொத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருக்கும்.