எதிர் இருக்கை

பத்திரிகைப் பணியில் இருந்த காலத்தில், வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குக் கடலோரப் புகையிரதத்தில் நாளாந்தம் பயணம் செய்தேன். எல்லா வண்டிகளும் ஒரே அமைப்பில் வருவதில்லை. எஞ்சின் இழுத்துவரும் பெட்டிகளில் பயணிகள் முழங்கால் முட்ட எதிரெதிரே அமர்வார்கள். ‘பவர் செட்’ என நாம் அழைக்கும் தொடர்களில் ஒரு முனையில் இயந்திரப் பெட்டியும் மறுமுனையில் சாரதி அறையும் இருக்கும். எஞ்சினைக் கழற்றி மறுபுறம் பூட்டவேண்டிய வேலை இல்லை. சுவரோரமாக நீள்வாங்குகள் போடப்பட்ட பெட்டி வந்தால், நடுவில் நிற்பதற்குத் தாராளமாக இடம் கிடைக்கும்.

எனக்கு நீள்வாங்குதான் விருப்பம். நிற்பவர்களின் கூட்டம் எதிரே இருப்பவரை மறைத்துவிடும். 1996 ஜூலை 24இல் தெகிவளையில் புகையிரதத்தில் குண்டுகள் வெடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், முகங்கள் மறைந்திருப்பது ஆறுதலாக இருந்தது. நான் எழுதிய தமிழ்ப் பத்திரிகையையே மடித்துப் பைக்குள் வைத்திருப்பேன்.

ஒருநாள் எதிரெதிர் இருக்கைதான் வாய்த்தது. முன்னால் ஒரு சிங்கள மூதாட்டி. பைக்கு வெளியே நீட்டியிருந்த தமிழ் எழுத்துகளை அவர் பார்த்துவிட்டார். நான் அவசரமாக உள்ளே தள்ளினேன். அவர் எதுவும் பேசவில்லை. முழங்கால்களை ஒருபக்கம் ஒதுக்கி, பத்திரிகையை விரிக்க இடம்விட்டு, “வாசியுங்கள் புத்தா” என்பதுபோலத் தலையசைத்தார்.

அன்று கோட்டை வரும்வரை வாசித்தேன். ஒரு வரியும் மனதில் பதியவில்லை. நீள்வாங்கில் இருந்திருந்தால் அந்த முகத்தை நான் கண்டிருக்கவே மாட்டேன்.